பார்வையிடப்பட்டது, நிலைமை திருப்திகரம்

ஆகஸ்ட் 2, சனி

புத்தாண்டுக்கு உரக்கடையில் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாகப் பால் கணக்குக்குக்கூட உதவாமல் கிடந்தது. இன்று அதற்கு வேலை வந்துவிட்டது.

என் மனைவி தையல்நாயகியைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து மன்னார்குடி வீட்டுக்கு அழைத்து வந்தேன். இடது பக்கம் அறுவை சிகிச்சை. எந்த இடம் என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது, இங்கே எழுத அவசியமில்லை. திருப்பூரிலிருந்து மகள் அரசி போன் செய்தபோது தையல்நாயகியே சொன்னாள். "உங்கப்பாவுக்கு அந்த வார்த்தை வாயில வராதுடி. மார்புல கேன்சர், மார்பை எடுத்தாச்சுன்னு சொல்லாம ஊரு பூரா 'இடது பக்கம் இடது பக்கம்'னு சொல்லிக்கிட்டு இருக்கார். கேக்குறவங்க எனக்குப் பக்கவாதம்னு நினைக்கிறாங்க."

அறுத்த இடத்தில் ஊறும் நீர் வெளியே வர ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். குழாயின் முனையில், ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு பிளாஸ்டிக் குடுவை. ஆஸ்பத்திரியில் இதை ட்ரெயின் என்கிறார்கள். தமிழில் வடிகால். முப்பத்து மூன்று வருடம் வாய்க்காலோடும் வடிகாலோடும் குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்ற உதவிப் பொறியாளனான என்னிடம் ஒரு நர்ஸ் பெண், "சார், தினமும் எவ்வளவு தண்ணி வருதுன்னு அளந்து எழுதணும், எழுதத் தெரியுமா?" என்று கேட்டது. சிரித்துக்கொண்டேன்.

குடுவையைத் திறந்து மூடுவது எப்படி என்று அந்தப் பெண் செய்து காட்டியபோது நான் அறையில் இல்லை. சேலையை விலக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அதே சமயம் டிரைவர் வண்டியில் இருக்கிறானா என்று பார்க்க வேண்டிய அவசரமும் ஏற்பட்டது. இருந்தான்.

டாக்டர் நிவேதிதா எங்கள் அரசியைவிடச் சின்னவள். அவள் சொன்னது இவ்வளவுதான்: நீர் ஒரு நாளைக்கு முப்பது மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம். உள்ளே நீர் தேங்காமல் காயம் ஆறினால்தான் இருபத்தைந்தாம் தேதி கீமோ தொடங்க முடியும். கீமோ தள்ளிப்போவது நல்லதில்லை. ஆக, இருபத்தைந்துதான் வேலை முடிக்க வேண்டிய கெடு. கெடுவுக்குள் முடிப்பது எனக்குப் புதிதில்லை.

மாலை: பார்வையிடப்பட்டது. வெளியேற்றம் 90 மி.லி. நிலைமை திருப்திகரம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரே பாமணி ஆற்றங்கரையில். நாங்கள் மட்டும் வீட்டில் எங்கள் சொந்தப் பெருக்கை அளந்துகொண்டிருந்தோம்.

என் அக்கா குஞ்சிதம் ஐந்து வகை சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். "ட்ரெயின் எப்ப எடுப்பாங்க?" என்று நான் போனில் அரசியிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "எந்த ட்ரெயின் தம்பி? ராத்திரி சென்னை போறதா? யார் போறா?" என்றாள். விளக்கினேன். விளக்கி முடித்ததும், "அதான், எப்ப புறப்படுது?" என்றாள்.

தையல்நாயகிக்குச் சிரித்ததில் தையல் வலித்துவிட்டது. இனி அக்காவோடு என்னென்ன விஷயங்கள் பேசலாம் என்று வரையறுக்க வேண்டும்.

பார்வையிடப்பட்டது. 85. திருப்திகரம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் குடுவையைத் திறந்து அளவுக் கிண்ணத்தில் ஊற்றினேன். ரோஸ் மில்க்கில் நிறையத் தண்ணீர் கலந்த நிறம். மூடப்போனபோது தையல்நாயகி தடுத்தாள்.

"சும்மா மூடாதீங்க. அந்தப் பொண்ணு இதைச் சப்பையா அமுக்கி, காத்தை வெளியேத்திட்டுத்தான் மூடும். நான் பார்த்தேன்."

அமுக்கினேன். குழாய் உள்ளே இழுத்திருக்கும் போல. அவள் "ஸ்ஸ்" என்றாள். பெரிய சத்தமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, அமுக்குங்க" என்றும் சொன்னாள். நான் கையை எடுத்துவிட்டேன். குடுவை பொசுக்கென்று காற்றை இழுத்து உப்பிக்கொண்டது. அப்படியே மூடினேன்.

பிறகு கூடத்தில் உட்கார்ந்து யோசித்ததில், அமுக்குதல் தொழில்நுட்ப ரீதியாகத் தேவையற்றது என்ற முடிவு எடுக்கப்பட்டது. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே போகும். குடுவை இடுப்புக்குக் கீழே தொங்குகிறது, சரிவு போதுமானது. மேட்டூரிலிருந்து கடல் வரைக்கும் காவிரியை யாராவது அமுக்கிக்கொண்டா வருகிறார்கள்?

இதை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். "நீங்க சொன்னா சரிதான்" என்றாள். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் இந்த வாக்கியத்துக்கு 'சரி' என்று ஒருநாளும் பொருள் இருந்ததில்லை. இருந்தாலும் ஒப்புதலாகவே பதிவு செய்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கை விறைத்துப்போகாமலிருக்க, சுவரில் விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும் பயிற்சி சொல்லியிருக்கிறார்கள். படுக்கையறைச் சுவரில் மதகுச் சுவரில் இருப்பது போல வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை போட்டு ஓர் அளவுகோல் வரைந்தேன். பெயின்ட் அடித்து முடிக்க அரை நாள் ஆயிற்று. "ஒரு பென்சில் கோடு போதாதா?" என்றாள். வெள்ள அபாய மட்டத்தைச் சிவப்பில் குறித்தபோது மட்டும் எதற்கென்று கேட்டாள். அளவுகோல் என்றால் அது இருக்கும்.

கையைத் தூக்க முடியாததால் நைட்டியின் பித்தானைப் போட்டுவிடச் சொன்னாள். போட்டேன்.

"காலண்டரையே பாத்துக்கிட்டுப் போடுறீங்களே, இன்னிக்கு என்ன விசேஷம்?"

"பிரதோஷம்," என்றேன். நல்ல வேளையாக இன்று உண்மையிலேயே பிரதோஷம்.

பித்தான்கள் ஒரு துளை மாறிப் போடப்பட்டிருந்தன என்று அக்கா வந்து கண்டுபிடித்தாள். 60. திருப்திகரம்.

ஆகஸ்ட் 9, சனி

45. நேற்று 52. முந்தாநாள் 58. இறங்குமுகம். வரைபடத் தாள் வாங்கிவந்து நீல மையில் கோடு போட்டேன். இவ்வளவு அழகான கோட்டை நான் பணியில் இருந்தபோதுகூடப் போட்டதில்லை.

தையல்நாயகி, "குழாயைச் சுத்தி ஈரமா இருக்கு. கட்டுத்துணி நனைஞ்சிருக்கு, வந்து பாருங்க" என்றாள். வாசற்படியில் நின்று பார்த்தேன். கோடையில் மதகில் கொஞ்சம் கசிவு இருப்பது சகஜம் என்று சொன்னேன்.

"இது ஆடி மாசம்," என்றாள்.

பார்வையிடப்பட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெற்றி. இரண்டு நாளாக முப்பதுக்குக் கீழே. தஞ்சாவூர் போனோம். டாக்டர் நிவேதிதா இன்று லீவு. பதிலுக்கு இருந்த இளம் டாக்டர் என் வரைபடத்தைக் கையில் வாங்கி, "இந்த மாதிரி சார்ட் நான் பார்த்ததே இல்ல சார். நர்ஸ் ரூம்ல ஒட்டி வைக்கலாமா?" என்று கேட்டார். பெருந்தன்மையோடு கொடுத்தேன்.

குழாயை எடுத்துவிட்டார்கள். எடுக்கும்போது வெளியே நின்றேன். வராந்தாவில் ஒரு நர்ஸ் வந்து, "தையல் பிரிக்கிறவங்க யாரு?" என்று கூப்பிட்டதும் உள்ளேயிருந்து தையல்நாயகி, "என்னை யாரும் பிரிக்க வேணாம்" என்றது எனக்குக் கேட்டது. வார்டே சிரித்தது. நானும் வெளியே நின்று சிரித்தேன். அவள் குரல் பழையபடி இருந்ததில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி அளவிடப்படவில்லை.

அக்காவுக்குப் போன் செய்து, "ட்ரெயின் எடுத்தாச்சு" என்றேன். "ஜன்னலோர சீட்டா?" என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்

அக்குளுக்குக் கீழே லேசான வீக்கம் என்கிறாள். காயம் ஆறும்போது அப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

"உள்ள தண்ணி நிக்குதுங்க. திரும்பிப் படுத்தா தளும்புது. ஒரு தரம் வந்து கைய வச்சுப் பாருங்க."

கை வைக்க வேண்டிய அவசியமில்லை, வரவு குறைந்ததற்கு வரைபடமே சாட்சி என்று சொன்னேன்.

"வரைபடம் நர்ஸ் ரூம்ல இருக்கு. வீக்கம் இங்க இருக்கு," என்றாள்.

எதிர்வீட்டுக்காரர் விசாரித்தார். என்னவென்று சொல்வது? "கொஞ்சம் நீர் கோத்திருக்கு" என்றேன். இப்படி ஒரு பொதுவான வார்த்தை நம் மொழியில் இருப்பது எவ்வளவு வசதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வசதியாக இல்லை. நீர் கோத்திருக்கிறது என்றால் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான், சளி. காலையிலிருந்து ஆவி பிடிக்க நொச்சி இலை இரண்டு மூட்டை, நெற்றியில் பற்றுப்போட நீர்க்கோவை மாத்திரை, சுக்கு, தைலம் என்று வந்து குவிந்தன. எதிர்வீட்டுக்காரர் மூக்கைச் சிந்தும் முறையை வாசலில் நின்றே நடித்துக் காட்டினார். மறுக்க முடியவில்லை. மறுத்தால் நீர் எங்கே கோத்திருக்கிறது என்று சொல்ல வேண்டிவரும்.

விஷயம் தெரிந்தவளான குஞ்சிதம் அக்காவாவது பொறுப்பாகப் பேசுவாள் என்று பார்த்தேன். அவள் ஒரு படி மேலே போனாள். "உடம்புல தண்ணி சேருதுன்னா குடிக்கிற தண்ணியைக் குறைக்கணும் தம்பி. இதுக்கு டாக்டர் வேறயா?"

இதில் ஒரு நியாயம் இருப்பதை மறுப்பதற்கில்லை. அணைக்கு வரத்தைக் குறைத்தால் மட்டம் இறங்கும். முறைப்பாசனம் போல முறை வைத்தேன். காலை ஒரு டம்ளர், மதியம் ஒன்று, இரவு ஒன்று. மோர், ரசம், சுரைக்காய், பூசணிக்காய் நிறுத்தம்.

தொலைக்காட்சியில் கொடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "எல்லாருக்கும் சுதந்திரம், எனக்கு ஒரு சொம்புத் தண்ணிக்கு முறையா?" என்றாள் தையல்நாயகி.

நிலைமை கட்டுப்பாட்டில்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சுவர் அளவுகோலில் அவள் விரல் போன வாரம் ஏறிய இடத்துக்கு இன்று ஏறவில்லை. அளவுகோலில் தவறு இருக்க வாய்ப்புண்டு. சரிபார்க்க வேண்டும்.

அரசி போன். "அப்பா, அம்மா எப்படி இருக்காங்க?"

"திருப்திகரம்."

"அது என்னப்பா, பாலம் கட்டுற மாதிரி?"

பேச்சை மாற்றி, திருப்பூரில் மழையா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அவள் சாப்பிடவில்லை. வாய் கசக்கிறதாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதப் பிடிக்கவில்லை.

காலையில் காய்கறி வாங்கப் போய்விட்டு வந்தேன். தையல்நாயகி கட்டிலில் சாய்ந்து இந்த டைரியைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சிவந்து, உதடு வெடித்திருந்தது. அடுத்தவர் அலுவலகக் குறிப்பைப் படிப்பது முறையில்லை என்றேன்.

"ஒரு சந்தேகம்ங்க," என்றாள். "தினமும் 'பார்வையிடப்பட்டது, பார்வையிடப்பட்டது'ன்னு எழுதியிருக்கீங்களே. யாரால?"

எங்கள் வேலையில் அப்படித்தான் எழுதுவது. ஜீப்பை ரோட்டில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாலும் பார்வையிடப்பட்டதுதான், இறக்காவிட்டாலும் பார்வையிடப்பட்டதுதான். யாரால் என்று எந்த மேலதிகாரியும் கேட்டதில்லை.

"எங்கப்பா வயல் உங்க பெரியமடை வாய்க்கால்ல கடைசியா இருந்துச்சு. ஞாபகம் இருக்கா? வருஷா வருஷம் 'கடைமடை வரை நீர் சென்று சேர்ந்தது'ன்னு எழுதி அனுப்புவீங்க. பேப்பர்லயும் வரும். எங்கப்பா அந்தப் பேப்பரைப் படிச்சுட்டு, வயல்ல இறங்கித் தேடுவார், எங்கடா தண்ணின்னு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அப்ப இல்லாத தண்ணியை இருக்குன்னு எழுதுனீங்க. இப்ப இருக்கிற தண்ணியை இல்லன்னு எழுதுறீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

அது வேறு விஷயம் என்று சொல்ல வாயெடுத்தேன். டைரியை என்னிடம் நீட்டினாள். அதை வாங்கும்போது அவள் விரல் என் கையில் பட்டது. கொதித்தது.

தெர்மாமீட்டரில் நூற்று இரண்டு. பானைத் தண்ணீரை மொண்டு கொடுத்தேன். அவள் நிறுத்தாமல் குடித்ததைப் பார்க்க முடியவில்லை. இன்னொரு சொம்பு கேட்டாள், கொடுத்தேன். முறை வைத்தவனை என்ன செய்யலாம்?

டாக்டருக்குப் போன் செய்து வண்டிக்குச் சொல்லிவிட்டேன். அது வருவதற்குள் இதை எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஜூன் மாதம் பரிசோதனை ரிப்போர்ட் வந்த நாளிலிருந்தே பயம்தான். இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாததால் எழுதவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

நேற்றே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். இரவெல்லாம் மருந்து ஏறியது. காலையில் காய்ச்சல் இறங்கியது. டாக்டர் நிவேதிதா ஊசி போட்டு நீரை எடுக்க வந்தாள். சேலையில் கை வைத்ததும் நான் எழுந்தேன்.

"வண்டியை வழியில நிறுத்தியிருக்கேன். எடுக்கச் சொல்லிட்டு வந்துடறேன்."

"வண்டி நேத்தே திரும்பிப் போயிடுச்சு," என்றாள் தையல்நாயகி. "நில்லுங்க."

"சார் பார்த்தாதான் நல்லது," என்றாள் டாக்டர். "வீட்டில அழுத்தக் கட்டு நீங்கதான் கட்டணும். வாங்க, இந்தப் பக்கம்."

அறையில் காலண்டர் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு காலண்டர் மாட்டக்கூடாதா?

பார்த்தேன்.

இடது பக்கம் தட்டையாக இருந்தது. மார்பு இருந்த இடத்தில் அக்குள் வரைக்கும் சாய்வாக ஒரு கோடு. தையல் போட்ட தடம் சீராக இருந்தது. அதற்குக் கீழே தோல் பளபளவென்று உப்பி, தண்ணீர் அடைத்த பிளாஸ்டிக் பை மாதிரி, தொட்டால் அசைந்தது. சுற்றிலும் சிவப்பு. இந்தச் சுமையோடு இவள் ஒரு வாரம் எனக்குச் சமைத்திருக்கிறாள்.

ஊசி இறங்கியபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை "ஸ்ஸ்" என்று பலமாகவே சொன்னாள். நான் கையை எடுக்கவில்லை. ஊசிக் குழல் குழலாக நீர் வந்துகொண்டே இருந்தது. எல்லாம் சேர்த்து இருநூற்று அறுபது. என் வரைபடக் கோடு இறங்க இறங்க உள்ளே ஏறிக்கொண்டிருந்ததெல்லாம் அந்தக் கிண்ணத்தில் இருந்தது.

"குடுவையைச் சப்பையா அமுக்கி மூடுனீங்கதானே சார்?" என்று டாக்டர் கேட்டாள்.

"சரிவு போதுமானதாக இருந்தது..."

"என்ன சரிவு?"

"நீர் பள்ளத்தை நோக்கி..."

டாக்டர் என்னைப் பார்த்தாள். எங்கள் அரசி பத்தாவது படிக்கும்போது என் கையெழுத்தைப் பார்த்துத் திருத்துவாளே, அந்தப் பார்வை. "சார், அது வாய்க்கால் இல்ல. காத்தை எடுத்து மூடினாத்தான் அது உள்ள இருக்கிறதை உறிஞ்சும். இல்லைன்னா அது சும்மா தொங்குற டப்பா. அமுக்கினாலும் சிலருக்கு நீர் ஊறத்தான் செய்யும், அது உங்க தப்பில்ல. ஆனா குடிக்கிற தண்ணியைக் குறைச்சீங்கன்னு இவங்க சொன்னாங்க. அப்படிக் குறைச்சா இது குறையும்னு யார் சொன்னா? காய்ச்சல் வர்ற வரைக்கும் ஏன் இருந்தீங்க?"

குஞ்சிதம் அக்கா மீது பழியைப் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "அமுக்கினா அவளுக்கு வலிச்சது," என்று சொல்லிவிட்டேன்.

தையல்நாயகி, "அதைத் தொழில்நுட்பம்னு எழுதி வச்சிருக்கார் டாக்டர்" என்றாள்.

கீமோ இருபத்தைந்தாம் தேதி கிடையாது. தொற்று அடங்கி, நீர் வற்றினால் செப்டம்பர் நாலு. அதுவும் தள்ளிப்போனால் நல்லதில்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னாள். வெளியே வரும்போது நர்ஸ் அறையில் என் வரைபடம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். நானே கிழித்து எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. அழுத்தக் கட்டு கட்டினேன். முதல் தடவை இறுக்கிக் கட்டி, "மூச்சு விட வேணாமா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டாம் தடவை தளர்த்திக் கட்டி, அது சமையலறை போவதற்குள் இடுப்புக்கு இறங்கி ஒட்டியாணமாயிற்று. மூன்றாம் தடவை நின்றது.

குனிந்து கட்டும்போது, "இப்ப பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"உன்னைப் பார்த்தா?"

"இதைப் பார்த்தா."

"இல்லை," என்றேன். உண்மை. பார்க்காதபோது இருந்த பயத்தில் பாதிகூட இப்போது இல்லை.

"எனக்கு இருந்துச்சு," என்றாள். "நீங்க பார்க்கலைன்னதும், பார்க்க முடியாத மாதிரி ஆயிட்டேன் போலன்னு. கண்ணாடியில நானே போன வாரம்தான் பார்த்தேன். தனியா."

கட்டின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டேன். "இது சரியாத்தானே இருந்துச்சு," என்றாள். சரியாகத்தான் இருந்தது. எழுந்து போக மனமில்லாமல் செய்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

ஊசி. 90. காய்ச்சல் இல்லை.

எதிர்வீட்டுக்காரர் மறுபடி நொச்சியோடு வந்தார். "அவளுக்குச் சளி இல்லை சார்," என்றேன். "மார்பில் கேன்சர். மார்பை எடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நீர் கோத்தது." முதல் தடவையாக முழு வாக்கியமாகச் சொன்னதில் எனக்கே வியர்த்துவிட்டது. அவர் நொச்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, தன் தங்கைக்கும் இதேதான், கும்பகோணத்தில், இருபது வருடமாகிறது, நன்றாக இருக்கிறாள், பேரன் எடுத்துவிட்டாள் என்றார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க நீர் கோவைன்னீங்களே சார்," என்றார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஊசி. 40. சிவப்பு மறைந்துவிட்டது. சுவரில் அவள் விரல் பழைய இடத்தைத் தாண்டி ஏறுகிறது. அளவுகோலில் தவறு இல்லை.

பானையில் தண்ணீர் வைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். முறை கிடையாது.

குஞ்சிதம் அக்கா வந்து, தண்ணீர்க் கட்டுப்பாடு என்னாயிற்று என்று விசாரித்தாள். திட்டம் கைவிடப்பட்டது என்றேன்.

"யாரால?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னால," என்றேன். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

காலையில் கட்டைப் பிரித்தேன். தடம் காய்ந்திருந்தது. இரண்டு விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தேன். மேல்பக்கம் ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றுமில்லை. அக்குள் பக்கம், கோடு முடிகிற கடைசியில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒன்று விரலுக்கடியில் நழுவியது.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். நழுவியது.

நாலாம் தேதிக்கு இன்னும் ஐந்தே நாள். இதைச் சொன்னால் மறுபடி தஞ்சாவூர், மறுபடி ஊசி, கீமோ மறுபடி தள்ளிப்போகவும் போகலாம். சின்னதுதான், தானே வற்றிவிடும் என்று என் வாய் சொல்லத் தயாராக இருந்தது. முப்பத்து மூன்று வருடப் பழக்கம். தையல்நாயகி கையைத் தலைக்குமேல் வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க சார். நிலைமை எப்படி?"

"திருப்திகரமாக இல்லை டாக்டர்," என்றேன். இந்த இரண்டு வார்த்தையை என் வாழ்நாளில் எந்த அதிகாரியிடமும் சொன்னதில்லை. "கடைமடையில் தண்ணீர் நிற்கிறது."

"எங்க நிக்குது?"

"அக்குளுக்குக் கீழே. எலுமிச்சம்பழ அளவு. சிவப்பில்லை, சூடில்லை, காய்ச்சலில்லை."

"சின்னதுதான். உடனே சொன்னது நல்லதாப் போச்சு. மதியம் கூட்டிட்டு வாங்க, எடுத்துடலாம். நாலாம் தேதியை மாத்த வேண்டாம்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவள் போல, "யாரு சார் பார்த்தது? நர்ஸ் யாராவது வந்தாங்களா?" என்றாள்.

தையல்நாயகிக்கும் கேட்டிருக்க வேண்டும். கையை இறக்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்தபடியே சொன்னேன்.

"இல்லை டாக்டர். நான்தான் பார்த்தேன்."